பீர் டப்பாவும் ஒரு ஜெர்மன் வண்டியும்

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த மேட்டர் இது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே :-)

ராபர்ட் பிர்ஸிக் எழுதி 1974-ல் வெளிவந்த 'ஸென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' புத்தகம் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். படிச்சு முடிச்சவங்க ஒரு கட்சி, பாதியில் மூடி வச்சவங்க இன்னொரு கட்சி. நான் முதல் ரெண்டு தடவை ரெண்டாவது கட்சியிலதான் இருந்தேன். தத்துவம் எல்லாம் தலைக்கு மேல போனாலும், ஒரு காட்சி மட்டும் மண்டையில் அப்படியே தங்கிடுச்சு.

1968-ல் பிர்ஸிக் தன் மகனைப் பின்னால் உட்கார வச்சுக்கிட்டு ஒரு சின்ன ஹோண்டாவில் அமெரிக்காவின் மேற்கு நோக்கிப் போகிறார். கூடவே நண்பர் ஜான், மனைவி சில்வியாவோடு இன்னொரு வண்டியில் வருகிறார். ஜானோட வண்டி பிஎம்டபிள்யூ ஆர்60. அதன் ஹேண்டில் பார் பிடிப்பு இல்லாமல் வழுக்குது. எவ்வளவு முறுக்கினாலும் நிக்கல. பிர்ஸிக், 'ஒரு பீர் டப்பாவை வெட்டி அந்த அலுமினியத் தகட்டை இடையில் சொருகினா சரியாயிடும்'னு சொல்கிறார். மெல்லிசான, துருப்பிடிக்காத, வளையக்கூடிய தகடு. இதைவிடப் பொருத்தமான சாமான் கடையில் கிடைக்காது.

ஜானுக்கு முகம் சுருங்கிப் போச்சு. 1,800 டாலர் கொடுத்து வாங்கின ஜெர்மன் வண்டிக்கு பீர் டப்பாவா? வேண்டவே வேண்டாம்னுட்டார்.

படிக்கும்போது எனக்கு ஜான் மேல கோபம் வரல. அவர் ஏன் அந்த வண்டியை வாங்கினார்? அது தொந்தரவு கொடுக்காதுங்கிற நம்பிக்கையில. தானே திறந்து பார்க்க வேண்டிய அவசியம் வராதுன்னு. அந்த நம்பிக்கை எங்கேயிருந்து வந்தது, அதுக்கு அந்த வண்டி தகுதியானதுதானான்னு தேட ஆரம்பிச்சேன். தேடப்போய் ஒரு கம்பெனியே மூழ்கி எழுந்த கதை கிடைச்சது.

விமானத்திலிருந்து தரைக்கு

பிஎம்டபிள்யூ ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிள் கம்பெனியும் இல்லை, கார் கம்பெனியும் இல்லை. முதல் உலகப்போரில் ஜெர்மன் விமானங்களுக்கு இன்ஜின் செஞ்சவங்க. மாக்ஸ் ஃபிரிட்ஸ் என்ற பொறியாளர் 1917-ல் வடிவமைத்த ஆறு சிலிண்டர் இன்ஜின், காற்று மெலிந்த உயரத்திலும் சக்தி குறையாமல் இழுத்ததில் பேர் வாங்கியது.

போரில் தோத்தாங்க. 1919-ல் வெர்சாய் ஒப்பந்தம். விமான இன்ஜின் செய்யக்கூடாதுன்னு தடை. அப்புறம் ரயிலுக்கு பிரேக் செஞ்சு பிழைப்பு ஓட்டினாங்க. கூடவே ஒரு சின்ன ரெட்டை சிலிண்டர் இன்ஜினைச் செஞ்சு மத்த மோட்டார் சைக்கிள் கம்பெனிகளுக்கு வித்தாங்க. இங்கிலாந்தின் டக்ளஸ் வண்டியை முன்மாதிரியாக வச்சு செஞ்ச இன்ஜின் அது. ரெண்டு சிலிண்டரும் படுத்த நிலையில், ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. முன்னாடி இருக்கிறதுக்குக் காத்து நல்லா கிடைக்கும். பின்னாடி இருக்கிறது சூடேறித் தவிக்கும்.

'இதைக் கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க'ன்னு ஃபிரிட்ஸ்கிட்ட சொல்ல, அவர் மொத்தத்தையும் அழிச்சு புதுசா வரைஞ்சார். 1923 செப்டம்பரில் பெர்லின் கண்காட்சியில் வெளிவந்த ஆர்32 அதுதான். 494 சிசி, 8.5 குதிரைத்திறன், மணிக்கு 95 கிலோமீட்டர் வேகம். இப்போ கேட்டா சிரிப்பு வரும். ஆனா அந்த அமைப்பைக் கவனிங்க:

இன்ஜினை அப்படியே 90 டிகிரி திருப்பி வச்சார். ரெண்டு சிலிண்டரும் வண்டிக்கு வலது, இடதுன்னு காத்துல நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டுக்கும் சமமாகக் காத்து.

இப்படித் திருப்பினதும் கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் வந்துடுது. அதுக்குப் பின்னாடி கிளட்ச், அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸ், அதுக்குப் பின்னாடி ஒரு தண்டு, எல்லாம் ஒரே நேர்கோட்டில். சக்கரத்துக்கிட்ட ஒரே ஒரு இடத்தில் பற்சக்கரம் வச்சு சுழற்சியைத் திருப்பினா போதும். செயின் கிடையாது. செயின் இல்லைன்னா எண்ணெய் போடுறது, தளர்ந்தா இழுத்துக் கட்டுறது, நடுவழியில் அறுந்து போறது எதுவும் கிடையாது.

ரெண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் வெளியே போகும், ஒரே நேரத்தில் உள்ளே வரும். குத்துச்சண்டைக்காரன் ரெண்டு கையையும் ஒண்ணா விரிச்சு மூடுற மாதிரி. அதனாலதான் இதுக்கு 'பாக்ஸர்'னு பேர். ஒண்ணோட உதறலை இன்னொண்ணு ரத்து பண்ணிடும். ரெண்டு சிலிண்டரும் நேர் எதிரெதிரே இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கிறதால லேசான ஒரு ஆட்டம் மட்டும் மிச்சம்.

இதில் எதுவுமே ஃபிரிட்ஸ் புதுசா கண்டுபிடிச்சது இல்லை. சிலிண்டரைக் குறுக்கே வைக்கிறதை இங்கிலாந்தின் ஏபிசி வண்டி 1919-லேயே செஞ்சிருந்தது, ஆனா கடைசியில் செயின் போட்டிருந்தாங்க. தண்டு வச்சு சக்கரத்தைச் சுத்துறதை பெல்ஜியத்தின் எஃப்என் அதுக்கும் பத்து வருஷத்துக்கு மேல முன்னாடியே செஞ்சிருந்தது. ஃபிரிட்ஸோட சாமர்த்தியம், இது ரெண்டும் ஒண்ணுக்காகவே இன்னொண்ணு பிறந்ததுன்னு கண்டுபிடிச்சதுதான். அந்த ஏற்பாட்டில் பிஎம்டபிள்யூ இன்னைக்கு வரைக்கும் வண்டி செய்யுது. நூறு வருஷம் தாண்டியாச்சு.

போரும் பிறகும்

நடுவில் வந்த நாஜி காலத்தைத் தாண்டிக் குதிச்சுப் போறது நியாயமில்லை. பந்தயங்களில் ஜெயிச்ச அதே பாக்ஸர், 1941-லிருந்து ஆர்75 என்ற பேரில் சைடு கார் சக்கரத்துக்கும் இழுவை கொடுத்து ராணுவத்துக்குப் போனது. கம்பெனிக்கு அப்போ முக்கியமான தொழில் விமான இன்ஜின். மியூனிக்குக்குப் பக்கத்தில் ஆலாக் தொழிற்சாலையில் டாக்காவ் வதை முகாம் கைதிகளை வச்சு வேலை வாங்கினாங்க. பளபளன்னு இருக்கிற பழைய வண்டி போட்டோக்களைப் பார்க்கும்போது இதையும் சேர்த்தே நினைச்சுக்கணும்.

போர் முடிஞ்சதும் மியூனிக் தொழிற்சாலையின் இயந்திரங்களை நேச நாடுகள் கழட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. மோட்டார் சைக்கிள் செஞ்சுக்கிட்டிருந்த ஐசனாக் தொழிற்சாலை சோவியத் பகுதியில் மாட்டிக்கிச்சு. 1948-ல் 250 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியோடு முதல்லேர்ந்து தொடங்கினாங்க. 1950-ல் பாக்ஸர் திரும்ப வந்தது. ஜெர்மானியர்கள் கையில் கார் வாங்கக் காசில்லாத காலம். வண்டி நல்லா வித்தது. 1954-ல் மட்டும் ஏறத்தாழ 30,000 வண்டிகள்.

1955: சைடு காருக்காக ஒரு வண்டி

1955 ஜனவரியில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் புது வரிசையை அறிமுகப்படுத்தினாங்க. 500 சிசியில் ஆர்50, 600 சிசி வேக வண்டி ஆர்69. அடுத்த வருஷம், 1956-ல், நம்ம ஆர்60. 594 சிசி, 28 குதிரைத்திறன். வேகத்துக்காகச் செஞ்சதில்லை. குடும்பத்தோட போறவங்களுக்கு, மூட்டை முடிச்சோட ஊர் ஊராகப் போறவங்களுக்கு, போலீஸுக்கு.

கறுப்பு பெயின்ட். டேங்க்கிலயும் மட்கார்டிலயும் கையால இழுத்த வெள்ளைக் கோடு. டேங்க்கோட இடது பக்கத்தில் பூட்டு போட்ட ஒரு சின்ன அறை, அதுக்குள்ள டூல்ஸ். காத்தடிக்கிற பம்பு வண்டியிலேயே மாட்டியிருக்கும். சாவி, ஆணி மாதிரி ஒரு சமாச்சாரம், அதை ஹெட்லைட் மண்டையில் குத்தணும். கிக்கரை நம்ம ஊர் வண்டி மாதிரி முன்பின்னாக மிதிக்க முடியாது. கிராங்க் நீளவாக்கில் இருக்கே, அதனால பக்கவாட்டில் நீட்டிக்கிட்டு நிக்கும். வண்டிக்குப் பக்கத்தில் நின்னுக்கிட்டு உதைக்கணும். மேக்னெட்டோ இருக்கிறதால பேட்டரி செத்தாலும் இன்ஜின் ஓடும்.

இந்த வரிசையோட அடையாளம் முன் சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்தான். எர்னி இயர்ல்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடிச்சது. இதில் ஒரு வேடிக்கை. இப்போ எல்லா வண்டியிலும் இருக்கிற, ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய் வழுக்குற டெலஸ்கோபிக் ஃபோர்க்கை எண்ணெய்த் தடுப்போட முதல்ல விற்பனைக்குக் கொண்டு வந்தது பிஎம்டபிள்யூதான், 1935-ல். இருபது வருஷம் கழிச்சு தன் சொந்தச் சரக்கை ஒதுக்கிட்டு இங்கிலாந்துக்காரர் சரக்கை எடுத்துக்கிட்டாங்க.

ஏன்? சைடு கார்!

இயர்ல்ஸ் ஃபோர்க்கில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரம் மாதிரியே ஒரு ஸ்விங் ஆர்ம். சக்கரத்துக்குப் பின்னாடி கீலு, அதிலிருந்து முன்னால் நீட்டின கை, ரெண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர். பக்கவாட்டில் எவ்வளவு பலமா தள்ளினாலும் முறுக்கிக்காது. சாதாரண வண்டியில் திருப்பத்தில் சாய்ஞ்சு போறோம், அதனால ஃபோர்க் மேல பக்கவாட்டுச் சுமை கம்மி. சைடு கார் மாட்டினா சாய முடியாது. கார் மாதிரி ஹேண்டில் பாரைத் திருப்பித்தான் ஆகணும். மொத்தப் பாரமும் முன் சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுக்கும்.

இன்னொண்ணும் இருக்கு. கடையில் தள்ளுற டிராலியின் முன் சக்கரத்தைப் பார்த்திருப்பீங்க. கீலுக்குக் கொஞ்சம் பின்னால் தரையைத் தொடும், அதனாலதான் தானா நேராகுது. மோட்டார் சைக்கிளிலும் அதே கணக்கு. ஸ்டியரிங் அச்சு தரையில் போய்ச் சேர்ற புள்ளிக்குப் பின்னால் டயர் தரையைத் தொடுது. இந்த இடைவெளி அதிகமா இருந்தா வண்டி நேராப் போகும், ஆனா சைடு காரோட திருப்பக் கையெல்லாம் வலிக்கும். அதனால ஃபோர்க்கில் கீலு மாட்ட ரெண்டு துளை வச்சாங்க. தனியாப் போறதுக்கு ஒண்ணு, சைடு காருக்கு ஒண்ணு. போல்ட்டைக் கழட்டி முன் துளைக்கு மாத்தினா சக்கரம் முன்னால் நகர்ந்து இடைவெளி குறையும், திருப்புறது லேசாகும். சைடு காருக்குன்னு பின் சக்கர கியர் விகிதத்தையும் மாத்திக்கலாம். ஒரே வண்டி, ரெண்டு வேஷம்.

இதோட ஒரு கூடுதல் நன்மை: பிரேக் பிடிச்சா வண்டி முன்னால் குனியாது, லேசா நிமிரும். குறை: முன்பக்கம் கனம், வளைஞ்சு நெளிஞ்சு விளையாட்டு காட்டுறதுக்கு லாயக்கில்லை. சக்கரத்தைச் சுத்துற தண்டை 1955-லிருந்து பின் ஸ்விங் ஆர்மோட வலது குழாய்க்குள்ளேயே எண்ணெயில் மிதக்க விட்டுட்டாங்க. மழை, சேறு, தூசி எதுவும் கிட்ட வராது.

சுருக்கமா சொன்னா, குறைந்தபட்சம் பத்து வருஷமாவது தொந்தரவு இல்லாமல் ஓடணும்னு யோசிச்சு யோசிச்சு செஞ்ச வண்டி. ஒரே ஒரு பிரச்சினை. அதை வாங்க ஆள் இல்லை.

1959 டிசம்பர் 9

ஐம்பதுகளின் நடுவில் ஜெர்மனியில் காசு புழங்க ஆரம்பிச்சது. மழையில் நனைஞ்சுக்கிட்டு மோட்டார் சைக்கிளில் போனவங்க கூரை போட்ட சின்னக் காருக்கு மாறினாங்க. 1954-ல் 30,000 வித்த பிஎம்டபிள்யூ, 1957-ல் வித்தது சுமார் 5,400. மூணே வருஷத்தில் ஆறில் ஒரு பங்கு! எத்தனையோ ஜெர்மன் மோட்டார் சைக்கிள் கம்பெனிகள் அந்த வருஷங்களில் காணாமல் போச்சு.

கார் பக்கமும் நிலைமை சரியில்லை. மேல்தட்டுக்கு ஆடம்பரக் கார்கள், ஒவ்வொண்ணிலும் நஷ்டம். கீழ்த்தட்டுக்கு முன்பக்கம் கதவு திறக்கிற முட்டை வடிவ ஐசெட்டா, நல்லா வித்தாலும் லாபம் கம்மி. நடுவில் ஒண்ணுமே இல்லை. 1959-ல் கஜானா காலி.

டிசம்பர் 9-ஆம் தேதி மியூனிக்கில் பங்குதாரர் கூட்டம். நிர்வாகம் ஒரு திட்டத்தோட வந்தது: கம்பெனியை டெய்ம்லர் பென்ஸ் எடுத்துக்கும். பெரிய வங்கி பின்னால நிக்குது. சம்மதம் சொல்லிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். டெய்ம்லரோட யோசனைக்குக் கெடுவும் உண்டு, இன்னைக்கு முடிவெடுக்கலைன்னா காலாவதி.

கூட்டத்தில் இருந்த சின்னப் பங்குதாரர்களும், பிஎம்டபிள்யூ விக்கிற டீலர்களும் கொதிச்சுப் போயிட்டாங்க. எரிஷ் நோல்ட் என்ற நிலக்கரி வியாபாரி எழுந்து எதிர்த்துப் பேசினார். ஆனா பேச்சால மட்டும் எதுவும் நிக்காதே. ஃப்ராங்க்ஃபர்ட் வக்கீல் ஃபிரிட்ரிஷ் மாட்டெர்ன், கொடுத்த வரவு செலவுக் கணக்கை வரி வரியாகப் படிச்சிட்டு வந்திருந்தார். அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிச்சார். புதுசா வரப்போகிற பிஎம்டபிள்யூ 700 காரை உருவாக்கிய செலவை, பல வருஷங்களுக்குப் பிரிச்சு எழுதாமல் ஒரே வருஷத்து நஷ்டமாகக் காட்டியிருந்தாங்க. அந்தக் கார் ஒரே வருஷம்தான் விக்கும்னு சொல்ற மாதிரி. கணக்கில் தப்பு இருந்தா, பத்து சதவீத வாக்கு இருந்தாலே கூட்டத்தை ஒத்தி வைக்கலாம்னு சட்டம். பத்து சதவீதம் கிடைச்சது. கூட்டம் ஒத்தி வைக்கப்பட்டது. கெடு முடிஞ்சது. டெய்ம்லர் திட்டம் அவுட்டு.

அந்த 700 காருக்குப் பின்னாடி இருந்த இன்ஜின் எது தெரியுமா? 697 சிசி ரெட்டை சிலிண்டர் பாக்ஸர்! மோட்டார் சைக்கிள் இன்ஜினிலிருந்து வந்தது. 1965 வரைக்கும் ஒண்ணே முக்கால் லட்சத்துக்கு மேல அந்தக் கார் வித்தது. வாங்க ஆளில்லைன்னு ஓரங்கட்டின இன்ஜின், காருக்குள்ள புகுந்து கம்பெனிக்கு மூச்சுவிட நேரம் வாங்கிக் கொடுத்தது.

முதலீடு போட்டுக் காப்பாத்தினவர் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர். வீரக்கதையாகச் சொல்லி முடிச்சிடலாம். ஆனா அந்தக் குடும்பத்தின் பேட்டரித் தொழிற்சாலைகளில் நாஜி காலத்தில் கட்டாயத் தொழிலாளர்கள் வேலை செய்ய வைக்கப்பட்டாங்க. 2007-ல் ஜெர்மன் தொலைக்காட்சியில் ஒரு ஆவணப்படம் வந்த பிறகுதான் குடும்பமே ஒரு வரலாற்றாசிரியரை நியமிச்சது. 2011-ல் வந்த அவரோட ஆய்வு, ஹெர்பர்ட் குவாண்டுக்கும் அதில் பொறுப்பு இருந்ததுன்னு சொன்னது. அறுபது வருஷத்துக்கு மேல அந்தக் குடும்பம் அதைத் திறந்து பார்க்கல.

ஊர் சுத்தின காலம்

1960-ல் வரிசையைப் புதுப்பிச்சு பேருக்குப் பின்னால் '/2' சேர்த்தாங்க. ஆர்60/2-வில் 30 குதிரைத்திறன். கூடவே ஆர்69எஸ், அதே 594 சிசி-யில் 42 குதிரைத்திறன், 175 கிலோமீட்டர் வேகம். சொந்த ஊரில் விக்காத வண்டிக்கு அமெரிக்காவில் ஒரு கூட்டம் சேர்ந்தது. அங்கே நெடுஞ்சாலை நீளம், பட்டறைக்கும் பட்டறைக்கும் நடுவில் தூரம். செயின் இல்லாத, எண்ணெய் ஒழுகாத வண்டிக்கு அங்கேதான் மதிப்பு.

ஜான் பென்டன் என்ற அமெரிக்கர் 1959-ல் ஆர்69-ல் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 52 மணி 11 நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தார். 1961 மார்ச்சில் பாரிஸுக்குப் பக்கத்தில் மான்லெரி ஓட்டப்பாதையில் ஒரு ஆர்69எஸ் 24 மணி நேரம் ஓடியது. பெட்ரோல் போட, ஆள் மாற நின்ன நேரத்தையும் சேர்த்து சராசரி வேகம் மணிக்கு 109 மைல், அதாவது 175 கிலோமீட்டர். ஒரு பகல், ஒரு ராத்திரி பூரா!

எனக்குப் பிடிச்சது டேனி லிஸ்காதான். நெப்ராஸ்கா மாநிலத்து விவசாயி. பந்தயக்காரர் இல்லை, பொறியாளர் இல்லை. 1959-ல் ஒரு ஆர்60 வாங்கி அலாஸ்காவில் ஆர்க்டிக் வட்டத்துக்குப் போய், அங்கேயிருந்து தென் அமெரிக்காவின் கடைக்கோடி டியரா டெல் ஃபியூகோ வரைக்கும் போனார். நடுவில் பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையில் டேரியன் காடு, சாலையே கிடையாது, அதை நடந்தே கடந்தார். அப்புறம் ஐரோப்பாவின் வடமுனையிலிருந்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வரைக்கும் இன்னொரு பயணம். 30 குதிரைத்திறன்கூட இல்லாத வண்டி. இப்போ நம்ம ஆளுங்க லடாக் போறதுக்கே எத்தனை குதிரைத்திறன் வேணும்னு சண்டை போடுறாங்க :-)

கேட்காமல் கெடுகிற இடம்

இதுவரைக்கும் படிச்சா ஜான் நம்பினது சரிதான்னு தோணும். இப்போதான் கதையில் வில்லன் வர்றார்.

இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது. அடியில் ஆயிலை உறிஞ்சுற இடத்தில் ஒரு கம்பி வலை இருக்கு, அவ்வளவுதான். நுண்ணிய அழுக்கு அதில் நிக்காது. கிராங்க்கில் உருளை பேரிங் போட்டிருந்தாங்க, அதுக்கு அழுக்கு ஆகாது. அப்போ அழுக்கை எப்படிப் பிரிக்கிறது?

கிராங்க் ஷாஃப்ட்டின் ரெண்டு பக்கமும் தட்டு மாதிரி ரெண்டு தகட்டு வளையம் வச்சாங்க. 'ஸ்லிங்கர்'னு பேர். பம்பிலிருந்து வர்ற ஆயில் இந்தத் தட்டுக்குள்ள விழும். கிராங்க் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுத்து சுத்துதில்லையா, கனமான அழுக்கெல்லாம் தட்டின் விளிம்பில் போய் ஒட்டிக்கும். சுத்தமான ஆயில் மட்டும் ஒரு துளை வழியா கனெக்டிங் ராடு பேரிங்குக்குப் போகும். தயிர் கடைஞ்சா வெண்ணெய் ஒதுங்குற மாதிரி, அழுக்கு தானா ஒதுங்கிடும். மாத்த வேண்டிய ஃபில்டர் இல்லை, செலவில்லை. பிரமாதமான ஐடியா!

ஆனா ஒதுங்கின அழுக்கு எங்கேயும் போறதில்லை. அங்கேயே படிஞ்சு இறுகிக்கிட்டே இருக்கு. ஆயிரம் ஆயிரமா கிலோமீட்டர் ஏற ஏற தட்டு நிறையுது. நிறைஞ்சு அந்தத் துளையை எட்டினா பேரிங்குக்கு ஆயில் நின்னுபோகும். சத்தம் வராது, புகை வராது, ஒரு விளக்கும் எரியாது. நேத்து வரைக்கும் கடிகாரம் மாதிரி ஓடின வண்டி, இன்னைக்கு நெடுஞ்சாலையில் பேரிங் கடிச்சு நிக்கும்.

சுத்தம் பண்ணலாமேன்னு கேப்பீங்க. பண்ணலாம். ஆனா இன்ஜினை வண்டியிலிருந்து இறக்கி, சிலிண்டர் எல்லாம் கழட்டி, கிராங்க்கையே வெளியே எடுக்கணும். ஓடிக்கிட்டிருக்கிற வண்டிக்கு யாருய்யா இந்த வேலையைச் செய்வாங்க? இப்போ பழைய வண்டி வாங்குறவங்க முதல்ல கேக்கிற கேள்வியே 'ஸ்லிங்கர் கடைசியா எப்போ சுத்தம் பண்ணீங்க?'தான்.

இதைப் படிச்சப்ப எனக்குச் சுருக்குன்னு இருந்தது. ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி வச்சிருந்தேன். நாலு வருஷம் ஒரு நாள் மக்கர் பண்ணல. எல்லார்கிட்டயும் பீத்திக்குவேன், 'பெட்ரோல் மட்டும் போட்டாப் போதும்'னு. அஞ்சாவது வருஷம் பட்டப்பகல்ல, நல்ல வேகத்துல, இன்ஜின் சீஸ் ஆகி பின் சக்கரம் கோடு போட்டு நின்னுச்சு. விழாம தப்பிச்சது என் வீட்டம்மா வேண்டின தெய்வத்தோட புண்ணியம். மெக்கானிக் அண்ணன் ஆயில் போல்ட்டைத் திறந்தார். சொட்டு கூட விழல. திட்டுவார்னு நினைச்சேன். அவர் நிதானமா, 'தம்பி, வண்டி ஒண்ணும் சொல்லலைன்னா நல்லாருக்குன்னு அர்த்தமில்ல. நீ ஒண்ணும் கேக்கலைன்னு அர்த்தம்'னார். வண்டி மேல தப்பே இல்லை, நூறு சதவீதம் என் தப்பு.

ஆர்69எஸ்-க்கும் இப்படி ஒண்ணு நடந்தது. அதிக வேகத்தில் கிராங்க் அதிர்ந்து உடைஞ்ச சம்பவங்களுக்குப் பிறகு, 1963-லிருந்து கிராங்க் முனையில் ஒரு அதிர்வு தாங்கியை மாட்டினாங்க. பத்திரமா, நிதானமா செய்யுறவங்கன்னு பேர் வாங்கினவங்களும் உடைஞ்ச பிறகுதான் திறந்து பார்த்தாங்க.

முடிவு

1969-ல் இயர்ல்ஸ் ஃபோர்க் வரிசை முடிஞ்சது. ஆர்60/2 மட்டும் 17,000-க்கு மேல செஞ்சிருந்தாங்க. பத்து வருஷ மொத்தம் அது. சைடு கார் காலமும் மலையேறிடுச்சு. புதுசா வந்த '/5' வரிசை பெர்லினில் ஸ்பாண்டாவ் தொழிற்சாலைக்கு இடம் மாறியது. டெலஸ்கோபிக் ஃபோர்க் திரும்ப வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது, 12 வோல்ட் வந்தது. கிராங்க்கில் உருளை பேரிங் போய் சாதாரண பேரிங் வந்தது. முக்கியமா, கழட்டி மாத்தக்கூடிய பேப்பர் ஆயில் ஃபில்டர் வந்தது. 'தானா சுத்தமாயிடும்'ங்கிற இடத்தில் 'நீ மாத்து'ன்னு வந்தது. என்னைக் கேட்டா அந்த வண்டியில் நடந்த பெரிய முன்னேற்றம் பட்டன் ஸ்டார்ட் இல்லை, இதுதான்.

இப்போ திரும்ப அந்த பீர் டப்பாவுக்கு வருவோம். ஜான் வாங்கின வண்டியோட டேங்க்கில் பூட்டு போட்ட ஒரு டூல்ஸ் அறை இருந்ததுன்னு சொன்னேன்ல? வண்டியைச் செஞ்சவன், இதை ஓட்டுறவன் திறந்து பார்ப்பான்னு எதிர்பார்த்துத்தான் அதை வச்சிருக்கான். ஃபோர்க்கில் ரெண்டு துளை வச்சதும் ஓட்டுறவன் கையால மாத்திக்குவான்னுதான். வண்டி கும்பிடச் சொல்லல. 'கொஞ்சம் கவனி'ன்னுதான் சொன்னது. ஸ்லிங்கர்ல மட்டும் செஞ்சவனே அதை மறந்துட்டான்.

டிசம்பர் 9-ஆம் தேதி அந்தக் கூட்டத்துக்கு வந்தவங்களில் எத்தனையோ பேர் கம்பெனி மேல பாசம் உள்ளவங்க. பாசத்தால மட்டும் கம்பெனி பிழைக்கல. ஒரு வக்கீல் உட்கார்ந்து, சலிப்பூட்டுற அந்தக் கணக்கை வரி வரியாப் படிச்சதால பிழைச்சது.

நான் இந்த வண்டியை ஓட்டினது இல்லை. ஓட்டுற வாய்ப்பு வரும்னும் தோணல. ஆனா இதைப் பத்திப் படிச்சதிலிருந்து ஞாயித்துக்கிழமை காலையில என் வண்டியோட ஆயில் குச்சியை உருவித் துடைச்சுப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கு. பக்கத்து வீட்டுக்காரர், 'வண்டி ரிப்பேரா சார்?'னு கேட்டார். 'இல்லீங்க, சும்மா கேட்டுக்கிட்டிருக்கேன்'னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டுப் போனார் :-)

நீங்க உங்க வண்டிக்கிட்ட கடைசியா எப்போ கேட்டீங்க?